தெரிவும் விதியும்: பாத்திரமேற்கும் கணனி விளையாட்டுகள் குறித்துச் சில குறிப்புகள்

இலக்கியச் சஞ்சிகை ஒன்றில் கணனி விளையாட்டுகளைப் பற்றி எழுதுவதா என முகஞ்சுழிப்பவர்கள் எம்மிடையே இருக்கக்கூடும். சினிமாவைப் பற்றி எழுதத் தொடங்கியபோதும் இதே முகஞ்சுழிப்பு இருந்தது. நாம் வாழும் நாடுகளில், எமது வீடுகளிலேயே, ஒரு தலைமுறை தனது கதைகளில் பெரும்பகுதியை இந்த விளையாட்டுகளிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. நாவலை முடிப்பதற்கு எடுக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரத்தை ஒரே கதைக்குள் அவர்கள் கழிக்கிறார்கள். அந்தக் கதைகள் அவர்களிடம் என்ன கேட்கின்றன, அவர்கள் அந்தக் கதைகளிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை அறியாமல் இருப்பது விமர்சனத்தின் சோம்பேறித்தனம் என்றே நாம் கருதுகிறோம்.

இங்கு நாம் பேச எடுத்துக்கொள்வது பாத்திரமேற்கும் விளையாட்டு என்ற வகையை மட்டுமே. சுடுவதும் ஓடுவதும் இவற்றிலும் உண்டு. ஆனால் இவற்றின் அடிப்படை வேறு: ஆடுபவர் ஒரு பாத்திரமாகிறார், அப்பாத்திரத்தின் வாயால் பேசுகிறார், அதன் சார்பில் முடிவெடுக்கிறார். இந்த வகையை விரும்புபவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப எழும் முறைப்பாடுகள் இரண்டு. எமது தெரிவுகளுக்கு மதிப்பில்லை, எல்லாம் ஒரே இடத்திலேயே முடிகிறது என்பது ஒன்று. கதை நீர்த்துப்போய்விட்டது, பாத்திரத்துக்கு முகமே இல்லை என்பது மற்றது. ஒரே ஆள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதையும் காணலாம். பூரண சுதந்திரமும் வேண்டும், இறுக்கமான கதையும் வேண்டும் என்ற இந்த எதிர்பார்ப்பை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

*

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. மேசையைச் சுற்றிச் சில நண்பர்கள். அவர்களில் ஒருவர் கதைசொல்லி; மற்றவர்கள் பாத்திரங்கள். கதவைத் திறக்கலாம், உடைக்கலாம், எரிக்கலாம், கதவோடு பேசிப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். கதைசொல்லி ஒரு கணம் யோசித்து, தாயக்கட்டையை உருட்டச் சொல்லி, ஒரு பதிலைத் தருவார். எதிர்பாராத கேள்விக்கும் பதில் சொல்லக்கூடிய உயிருள்ள மனிதர் ஒருவர் எதிரே இருந்தார் என்பதே அந்த விளையாட்டின் சுதந்திரம்.

அடுத்த ஆண்டிலேயே, இலினோய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணனித் தொகுதியில் மாணவர்கள் இதனைக் கணனிக்குக் கொண்டுவர முயன்றனர். எண்களும் சண்டையும் இலகுவாக வந்து சேர்ந்தன. கதைசொல்லி வரவில்லை. கணனியிடம் இருப்பது எவரோ முன்கூட்டியே எழுதி வைத்த பதில்கள் மட்டுமே. ஆகவே கணனி விளையாட்டில் சுதந்திரம் என்பது, எழுதியவர் எத்தனை கேள்விகளை முன்னுணர்ந்தார் என்பதன் அளவே. இதனை மறந்துவிட்டு, மேசையில் கிடைத்த சுதந்திரத்தை இயந்திரத்திடம் கேட்பதில்தான் முதலாவது ஏமாற்றம் தொடங்குகிறது.

இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. எழுத்து மலிவு, குரலும் அசைவும் செலவு. 2015இல் வெளிவந்த 'ஃபோல்அவுட் 4' இதற்கு நல்ல உதாரணம். அதற்கு முந்திய ஆட்டங்களில் பாத்திரம் சொல்லப்போகும் வாக்கியம் முழுமையாகத் திரையில் எழுதப்பட்டிருக்கும். நான்காவதில் கதாநாயகனுக்கும் நாயகிக்கும் நடிகர்களின் குரல் கொடுக்கப்பட்டது. பேசும் வாய்ப்புகள் ஒரு தடவைக்கு நான்கு எனச் சுருங்கின. அவையும் ஓரிரு சொற்களிலேயே காட்டப்பட்டன. கிண்டல் என்பதைத் தெரிவு செய்தவர், தன் பாத்திரம் உண்மையில் என்ன சொல்லப்போகிறது என்பதை அது சொன்ன பிறகே அறிந்தார். முழு வாக்கியத்தையும் காட்டும் ஒரு மாற்றுநிரலை விளையாட்டாளர்களே எழுதிச் சேர்த்துக்கொண்டனர். அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'ஸ்டார்ஃபீல்ட்' விளையாட்டில் நாயகப் பாத்திரம் மீண்டும் மௌனமாகியது. குரல் வந்தபோது பாத்திரம் இன்னொருவருடையதாயிற்று. மௌனமானபோது அது மீண்டும் ஆடுபவருடையதாயிற்று.

*

தெரிவே இல்லாத கதை ஆடுபவரைத் தொடமுடியாது என்றொரு நம்பிக்கை மேற்கில் உண்டு. அது பிழை என்பதற்கு 1997இல் ஜப்பானிலிருந்து வந்த 'ஃபைனல் ஃபன்டசி 7' சாட்சி. மூன்று தட்டுகளில் வந்த அந்த விளையாட்டின் முதலாவது தட்டு முடியும் வேளையில், ஏரித் என்ற பெண் கொல்லப்படுகிறாள். ஆடுபவர் தடுக்க முடியாது. அவளது சக்திகளை வளர்க்க மணிக்கணக்காகப் பாடுபட்டவருக்கும் அதே முடிவுதான். அவளை உயிர்ப்பிக்க எங்கோ ஒரு இரகசிய வழி இருப்பதாக வதந்திகள் வருடக்கணக்காக உலவின. வழி இல்லை. அந்த இல்லாமையே அந்த மரணத்தை மரணமாக்கியது. பாடுபட்டு வளர்த்த ஒன்று கைவிட்டுப் போவதன் கனத்தை நாவலாசிரியரால் இந்த முறையில் தரமுடியாது. நாவல் வாசகர் யாரையும் வளர்ப்பதில்லை.

எமது கூத்து மரபை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இராது. அபிமன்யு சக்கரவியூகத்திலிருந்து திரும்பமாட்டான் என்பது விடியும்வரை விழித்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இருக்கிறார்கள். முடிவை மாற்றும் உரிமை கேட்டு எவரும் களரியில் ஏறுவதில்லை.

ஆனால் 2020இல் அதே நிறுவனம் அந்த விளையாட்டின் முதற்பகுதியை மீளுருவாக்கியபோது, கதையை அதன் பழைய தடத்திலேயே நிறுத்தக் காவல் நிற்கும் ஆவிகளை உள்ளே கொண்டுவந்தது. ஆடுபவர் இறுதியில் அந்த ஆவிகளோடு போரிடுகிறார். 2024இல் வந்த தொடர்ச்சியில் பலர் அந்தப் பழைய காட்சியை நெருங்கியது, இம்முறையாவது அவளைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியுடனேயே. விதியை எதிர்க்கும் ஆசையையே கதையின் பொருளாக்கிய முயற்சி இது. தெரிவு கேட்கும் காலத்தின் குரல் ஜப்பானிய மரபுக்குள்ளும் புகுந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

*

மேற்கின் மரபில் எமக்கு மிகவும் நெருக்கமானது 1997இல் இன்டர்பிளே வெளியிட்ட முதலாவது 'ஃபோல்அவுட்'. அணுப்போருக்குப் பின்னான கலிஃபோர்னியா. நிலத்தடிக் காப்பறை ஒன்றில் தலைமுறைகளாக மறைந்து வாழும் ஒரு சமூகம். தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி பழுதாகிறது. புதியதைத் தேடிவர ஒருவர் வெளியே அனுப்பப்படுகிறார். கொடுக்கப்பட்ட காலம் 150 நாட்கள். அவர் நல்லவராகலாம், கொலைகாரராகலாம், பேசியே காரியம் முடிப்பவராகலாம். மனிதரையெல்லாம் புதியதோர் இனமாக மாற்ற முனையும் தலைவனை ஆயுதத்தால்தான் வெல்லவேண்டும் என்பதில்லை. அவன் உருவாக்கும் இனம் மலட்டு இனம் என்பதை ஆதாரத்தோடு எடுத்துக் காட்டினால், தன் கனவே பொய்யென உணர்ந்து அவன் தன்னையே அழித்துக்கொள்கிறான். வாதத்தால் வெல்லக்கூடிய இறுதிப்போர் அந்நாளில் அரிது, இன்றும் அரிதுதான்.

எல்லாம் முடிந்து, தன் மக்களைக் காப்பாற்றியவர் காப்பறையின் வாசலுக்குத் திரும்புகிறார். மேற்பார்வையாளர் வெளியே வந்து நன்றி சொல்கிறார். பிறகு, உள்ளே வரமுடியாது என்கிறார். நீ மாறிவிட்டாய், பிள்ளைகள் உன்னைப் பார்த்து வெளியே போக ஆசைப்படுவார்கள், இந்த இடம் குலைந்துபோகும். நாயகன் பாலைவனத்தை நோக்கித் தனியே நடக்கிறான். தீயவனாகவே ஆடியவர் மேற்பார்வையாளரைச் சுட்டுக் கொல்லும் காட்சியைக் காண்பார். ஆனால் கதவு திறப்பதில்லை. வழிநெடுகப் பரந்த சுதந்திரம் தந்த விளையாட்டு, இந்த ஓரிடத்தில் மட்டும் எவருக்கும் விலக்களிக்கவில்லை.

நாடு கடந்து வாழும் எவருக்கும் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. எமது அக்கறை அதன் விமர்சனப் பெறுமதியில். இந்தக் கட்டாய முடிவை ஏன் ஆடியவர்கள் மோசடி எனக் கருதவில்லை? அது உலகத்தின் தர்க்கத்திலிருந்து பிறக்கிறது என்பதே காரணம். வெளியே போனவர் மாறித்தான் திரும்புவார். மூடிய சமூகம் மாறியவரை அஞ்சும். ஆடுபவரின் சுதந்திரமான அலைவே அவரை வெளியேற்றுவதற்கான காரணமாகிறது. அவர் எவ்வளவு சுதந்திரமாக அலைந்தாரோ, அந்த அளவுக்கு முடிவு நியாயமாகிறது.

இதற்கு நேர் எதிரானது அதே வரிசையில் வேறொரு நிறுவனம் 2008இல் வெளியிட்ட 'ஃபோல்அவுட் 3'இன் முடிவு. தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் அறை கதிர்வீச்சால் நிரம்பியிருக்கிறது. யாராவது உள்ளே போய் இலக்கங்களை அழுத்தவேண்டும், போனவர் இறப்பார். நாயகனோடு நிற்கக்கூடிய தோழர்களில் ஃபோக்ஸ் என்பவனைக் கதிர்வீச்சு தாக்காது. முன்னர் அத்தகைய ஓர் அறைக்குள் போய்த் தேவையான கருவியை எடுத்து வந்தவனும் அவனே. இப்போது அவனைக் கேட்டால், இது உன் விதி, நான் குறுக்கிடமாட்டேன் என மறுக்கிறான். ஆடுபவர்கள் கொதித்தெழுந்தனர். 2009இல் வந்த 'புரோக்கன் ஸ்டீல்' இணைப்பில் அவனை அனுப்பவும், முடிவுக்குப் பின்னரும் தொடர்ந்து ஆடவும் வழி செய்யப்பட்டது.

இரண்டு முடிவுகளும் கட்டாயமானவையே. ஆனால் முன்னதில் ஆடுபவரைக் கட்டிப்போடுவது உலகம். பின்னதில் அவரைக் கட்டிப்போடுவது எழுத்தாளர், அதுவும் ஃபோக்சின் வாயை இரவல் வாங்கி. விதி என்ற சொல்லை ஒரு பாத்திரம் தானாகச் சொல்லவேண்டிய நிலை வந்தால், அங்கே விதி இல்லை, எழுத்தாளரின் தேவை மட்டுமே இருக்கிறது என்று கொள்ளலாம்.

*

விளையாட்டாளர் எதிர்பார்ப்புப் பற்றிய பேச்சு எதுவும் 'மாஸ் எஃபெக்ட்' வரிசையைத் தொடாமல் முடிவதில்லை. கனடாவின் எட்மண்டன் நகரைச் சேர்ந்த பயோவெயார் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக இதனை வெளியிட்டது. முதற்பாகத்தில் எடுத்த முடிவுகள் மூன்றாம் பாகம்வரை கூடவே வரும். முதற்பாகத்தில் இரு தோழர்களில் ஒருவரை மட்டுமே காப்பாற்றமுடியும். கைவிடப்பட்டவர் ஐந்து வருடங்கள் கழித்து வந்த கடைசிப் பாகத்திலும் இல்லாதவராகவே இருந்தார். இப்படியொரு வாக்குறுதியோடு வளர்ந்த கதை, மூன்றிலொன்றைத் தெரிவு செய்யும் முடிவாக இராது என வெளியீட்டுக்கு முன்னர் பேசப்பட்ட கதை, இறுதியில் சிவப்பு, நீலம், பச்சை என்ற மூன்று வாசல்களில் வந்து நின்றது. மூன்றின் காட்சிகளும் நிறத்தில் தவிர ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆடியவர்கள் சிலர் பணம் சேர்த்து, மூன்று நிறங்களில் கப் கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார்கள். நிறம் மூன்று, சுவை ஒன்று. எதிர்ப்பிலும் நகைச்சுவை இருந்தது; நகைச்சுவையில் விமர்சனம் இருந்தது.

நிறுவனம் 2012 ஜூனில் விரிவாக்கப்பட்ட முடிவை இலவசமாக வெளியிட்டது. அதில் நான்காவதாக ஒரு வழி சேர்க்கப்பட்டது: மூன்றையும் மறுப்பது. மறுத்தால், உலகங்களை அறுவடை செய்யும் இயந்திரங்கள் வெல்கின்றன. நாயகனும் அவர் காக்க நினைத்த அனைவரும் அழிகிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பதிவைக் கண்டெடுக்கும் அடுத்த யுகத்தினர் அந்தப் போரை வெல்கிறார்கள்.

பலர் இதனை நிறுவனத்தின் பழிவாங்கலாகவே பார்த்தனர்: முடிவு பிடிக்கவில்லையா, அப்படியானால் தோற்றுப்போ. எமது வாசிப்பு வேறு. நான்கில் இதுவே நேர்மையான முடிவு. மறுப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை மறைக்கப்படவில்லை. மறுப்பின் பலன் மறுத்தவருக்குக் கிடைப்பதில்லை என்பதும் மறைக்கப்படவில்லை. ஆயினும், ஆடியவர்கள் கேட்டது இதுவல்ல என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஐந்து வருடங்கள் தாம் எடுத்த முடிவுகளைக் கதை நினைவில் வைத்திருந்ததா என்பதே அவர்களது கேள்வி. முடிவுகளின் எண்ணிக்கை குறைந்ததற்காக அவர்கள் கோபப்படவில்லை. தாம் மறக்கப்பட்டதற்காகவே கோபப்பட்டார்கள். இந்த வேறுபாட்டை நிறுவனங்களும் விமர்சகர்களும் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 2023இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 3'இன் முடிவுக்கு 17,000 வேறுபாடுகள் உண்டென்று பெரிதாகப் பேசப்பட்டபோதும், எண்ணிக்கையே மீண்டும் அளவுகோலாக்கப்பட்டது.

*

அந்த விளையாட்டின் உண்மையான பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து லாரியன் நிறுவனம் உருவாக்கிய இதில், அகதிகள் தஞ்சம் புகுந்திருக்கும் சோலை ஒன்றைத் தாக்கி அழிக்கும் சுதந்திரம் ஆடுபவருக்கு உண்டு. அழித்தால் வில், கார்லக் என்ற இரு தோழர்களும் அவரைவிட்டுப் போய்விடுவார்கள். ஷாடோஹார்ட் என்பவளின் கதை இன்னும் நுட்பமானது. தன் தெய்வத்தின் பெயரால் ஒரு கைதியைக் கொல்லவேண்டிய கட்டத்தில் அவள் நிற்கிறாள். ஆடுபவர் தலையிட்டு வற்புறுத்தலாம். ஆனால் அவளது நம்பிக்கையை முன்னமே பெற்றிருந்தால், எதுவும் சொல்லாமல் அவளிடமே முடிவை விட்டுவிடவும் முடியும். அவள் தானாகவே ஈட்டியை வீசியெறிவாள்.

சுதந்திரம் என்றால் தனது சுதந்திரம் என்று மட்டும் விளங்கிக்கொள்ளும் ஆடுபவருக்கு இது ஒரு பாடம். எல்லாக் கதவும் தனக்குத் திறக்கவேண்டும், எல்லாத் தோழரும் தன்னைக் காதலிக்கவேண்டும், எவரும் தன்னை மறுக்கக்கூடாது என்ற எதிர்பார்ப்பின் மறுபக்கம் என்ன? கதையிலுள்ள மற்றெல்லோரும் பணியாட்கள் என்பதே. உண்மையில் இந்த விளையாட்டும் அந்த ஆசைக்கு நிறையவே தீனி போடுகிறது. தோழர்கள் பலர் வெகுவிரைவிலேயே நாயகனிடம் மயங்கிவிடுகிறார்கள். அத்தனை விதமான மனிதர்கள், எல்லோர் கண்ணும் ஒருவர்மேல். சந்தையின் அழுத்தம் இங்கே தெரிகிறது. அதனையும் மீறி, போகிறேன் என்று சொல்லும் தோழரையும், என் முடிவை நானே எடுக்கிறேன் என்று நிற்கும் தோழியையும் இது படைத்திருக்கிறது.

மற்றவர்களின் கடனைப் பேசியதில் இன்னும் ஆழமாகப் போனது 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்'. பிணச்சாலை ஒன்றின் மேசையில் பெயரற்ற ஒருவன் கண்விழிக்கிறான். அவன் சாவதில்லை, செத்துச் செத்து எழும்புகிறான், சில வேளைகளில் நினைவிழந்து. முந்திய பிறப்புகள் போலத் தனக்குப் பல வாழ்வுகள் இருந்தன என்றும், அவற்றில் சிலவற்றில் தான் மிகக் கொடியவனாக இருந்தான் என்றும் சிறிதுசிறிதாக அறிகிறான். தன்னோடு வரும் டக்கோன் என்ற போர்வீரனைச் சத்தியத்தால் அடிமையாக்கியது தானே. தன்னைக் காதலித்த டையொனாராவைத் திட்டமிட்டுச் சாகவிட்டதும் தானே. ஒவ்வொரு முறை அவன் சாவிலிருந்து மீளும்போதும், எங்கோ இன்னொருவர் அவனுக்குப் பதிலாகச் சாகிறார்.

இதில் சண்டை மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது, எழுத்தோ கடல்போல. உரையாடலில் ஒரு சிறிய உத்தி உண்டு. ஒரே வாக்கியம் இரண்டு தடவை பட்டியலில் வரும்: ஒன்று உண்மையாகச் சொல்வது, மற்றது பொய்யாகச் சொல்வது. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் சொன்னவரின் குணம் அதன்படி மாறுகிறது. உலகத்தில் எதையும் மாற்றாத, சொன்னவரை மாத்திரம் மாற்றும் இப்படியொரு தெரிவை வேறெந்தக் கலைவடிவம் தரமுடியும்? பெயரற்றவன் இறுதியில் எவ்வளவு நல்லவனாக மாறியிருந்தாலும், பழைய குற்றங்களுக்கான தண்டனைக் களத்துக்கே போகிறான். திருந்தியதால் கடன் தீர்ந்துவிடவில்லை. அங்கே எந்த மனிதனாகப் போகிறான் என்பதே அவன் கையில் இருந்தது.

*

2019இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' இந்த வழியில் நின்று மேலும் ஒரு படி போகிறது. இதன் பிரதான எழுத்தாளர் ரொபர்ட் குர்விட்ஸ் எஸ்தோனியர். இதே உலகத்தை வைத்து 2013இல் எஸ்தோனிய மொழியில் அவர் எழுதிய நாவல் அதிகம் விற்கவில்லை. சின்ன மொழியொன்றின் நாவலாசிரியர், வாசகர் கிடைக்காத தன் உலகத்தை விளையாட்டாக்கி உலகெங்கும் வாசகரைப் பெற்ற கதை எமது எழுத்தாளர்கள் கவனிக்கத்தக்கது.

தோற்றுப்போன புரட்சிக்குப் பின், அந்நியரின் ஆட்சியிலிருக்கும் ஒரு நகரம். குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறிவாளர். அவரது மூளைக்குள் 24 திறன்கள் 24 குரல்களாகப் பேசுகின்றன. பாதிக்குமேல் தவறான ஆலோசனைகள். பலவீனமான உடலோடு தொடங்கினால், விசிறியில் தொங்கும் கழுத்துப்பட்டியை எடுக்க முயன்றே மாரடைப்பில் இறந்துபோகலாம். இங்கே தோல்வி கதையை நிறுத்துவதில்லை. பல இடங்களில் வெற்றியைவிடத் தோல்வியே கதையை நன்றாக வளர்க்கிறது. கம்யூனிஸ்டாகலாம், பாசிஸ்டாகலாம், எதுவுமற்ற நடுநிலைவாதியாகலாம். எதைத் தெரிவு செய்தாலும் விளையாட்டு அதனைக் கேலி செய்யும். அவரைவிட்டுப் போன பெண் கனவில் வரும்போது, எந்த வாக்கியத்தைத் தெரிவு செய்தாலும் அவள் திரும்புவதில்லை. பக்கத்தில் நிற்கும் கிம் கிட்சுராகி என்ற சக அதிகாரி எல்லாவற்றையும் பார்க்கிறார், குறிப்பேட்டில் எழுதுகிறார். அவரது மரியாதையைப் பெறுவதே, புள்ளிகளும் பரிசுகளும் இல்லாமல், ஆடுபவரின் இலட்சியமாகிவிடுகிறது.

ஆக, கூடிய தெரிவுகள் கூடிய சுதந்திரம் என்ற சமன்பாட்டை நாம் ஏற்கவில்லை. கடை அலுமாரியில் 40 வகைப் பற்பசை இருப்பதையும் சுதந்திரம் என்றே எமக்குச் சொல்கிறார்கள். விளையாட்டுகள் விற்கப்படுவதும் அதே மொழியில்தான். இந்த மொழியில் வளரும் பிள்ளை, பிடிக்காத விளைவு எதையும் யாரோ தனக்குச் செய்த அநியாயமாகக் காணப் பழகிவிடக்கூடும். அதேவேளை, எதையும் மாற்றமுடியாது, எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லும் கதையையே நாம் தூக்கிப்பிடிக்கவேண்டும் என்பதுமில்லை. அந்தக் கதையைச் சொல்லிச் சனங்களை அடக்கியவர்களும் வரலாற்றில் நிறைய உண்டு.

ஒரு பாத்திரமேற்கும் விளையாட்டிடம் விமர்சகர் கேட்கவேண்டியவை எமது நோக்கில் மூன்று. ஆடுபவர் செய்ததைக் கதை நினைவில் வைத்திருக்கிறதா? அவர் செய்ததன் விலையைக் கொடுத்தவர் யார் என்பதைக் காட்டுகிறதா? அவரைத் தவிர்ந்த மற்றவர்களுக்கும் இல்லை என்று சொல்லும் உரிமை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால், முடிவு ஒன்றா பதினேழாயிரமா என்பது இரண்டாம்பட்சமான கேள்வி.

வீட்டில் இவற்றை ஆடும் பிள்ளைகளிடம் வென்றாயா என்று கேட்பது எமது வழக்கம். அங்கே என்ன செய்தாய், அதற்குப் பிறகு அந்தச் சோலையில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் சொல்லும் பதில், நாம் வைத்திருக்கும் பல நாவல்களைப் பற்றி நாம் சொல்லக்கூடியதைவிட நீளமானதாக இருக்கும்.